கல்குவாரி விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி: பழைய குழியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: தமிழ்நாட்டில் 1.50 ஹெக்டேர் பட்டா நிலத்தில் முறையான சுற்றுச்சூழல் அனுமதியோடு உடைகல் குவாரி ஓடுகிறது. ஒட்டியிருக்கும் இன்னொரு 1.50 ஹெக்டேர் பட்டாவையும் வாங்கியாயிற்று. இரண்டையும் ஒன்றாக்கி 40 மீட்டர் ஆழம் வரை கல் எடுக்க அனுமதி வேண்டும். என்ன செய்ய வேண்டும், எங்கே சிக்கும்?

பெரும்பாலான விரிவாக்க விண்ணப்பங்கள் புதிய நிலத்தால் நிற்பதில்லை. பழைய குழியால்தான் நிற்கின்றன. புதிதாகக் குவாரி தொடங்குபவரிடம் "என்ன செய்யப்போகிறீர்கள்" என்று கேட்பார்கள். உங்களிடம் முதலில் கேட்கப்படுவது "இதுவரை என்ன செய்தீர்கள்" என்பதுதான். அதனால் ஆலோசகரைத் தேடிப்போவதற்கு முன்னால் பழைய அனுமதிக் கடிதத்தை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே இன்றைய நிலையை எழுதிப் பாருங்கள்.

விரிவாக்கம் என்றால் எது என்பதிலேயே பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. பரப்பு கூடினால் மட்டும்தான் விரிவாக்கம் என்று நினைக்கிறார்கள். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 7(ii) பத்தியின் கீழ் உற்பத்தி அளவு கூடினாலும் முன் அனுமதி வேண்டும். குவாரிக்கான அனுமதிக் கடிதத்தில் பரப்பு, ஆண்டு வாரியான அளவு, இறுதி ஆழம் மூன்றுமே எழுதப்பட்டிருக்கும். பரப்பு அப்படியே இருக்க, 25 மீட்டரை 40 ஆக்கினாலும் அது விரிவாக்கம்தான். "அதே நிலம்தானே" என்று கீழே இறங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் அது விதிமீறல் கோப்பாகிவிடும். சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் எடுத்த கனிமத்துக்கு அதன் முழு மதிப்பையும் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 2 அன்று காமன் காஸ் வழக்கில் சொல்லிவிட்டது.

அடுத்தது, இரண்டு நிலத்தையும் எந்த வடிவத்தில் கேட்கப்போகிறீர்கள் என்ற கணக்கு. இதை ஆரம்பத்திலேயே போடாதவர்கள் பின்னால் வருத்தப்படுகிறார்கள். உங்கள் பழைய நிலம் 100 மீட்டருக்கு 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பட்டா எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட வேண்டும். அரசு நிலம், ஓடை, வண்டிப்பாதை என்றால் 10 மீட்டர். நாலு பக்கமும் பட்டாதான் என்று எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 85க்கு 135. 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று பெஞ்ச், அதாவது படி, விட்டு இறங்கும்போது ஒவ்வொரு பெஞ்சுக்கும் நீளத்திலும் அகலத்திலும் 10 மீட்டர் குறையும். முதல் பெஞ்சில் 57,375 கன மீட்டர் கிடைக்கும். 40 மீட்டர் ஆழத்தைத் தொடும் 8ஆவது பெஞ்ச் 15க்கு 65தான், அதில் கிடைப்பது 4,875. எட்டு பெஞ்சையும் கூட்டினால் 2,21,000 கன மீட்டர்.

இப்போது பக்கத்து நிலத்துக்குத் தனிக் குத்தகையாக, தனிக் குழியாகக் கேட்டால் அதே கணக்கு இன்னொரு முறை, ஆக மொத்தம் 4,42,000. இரண்டையும் ஒரே பரப்பாக, 200க்கு 150 என்று கேட்டால் எட்டு பெஞ்சுக்கும் சேர்த்து 6,21,000 கன மீட்டர் வரும். வித்தியாசமான 1,79,000 கன மீட்டர் நடுச்சுவரிலும் அதன் இருபுறப் படிகளிலும் மாட்டிக்கொண்டிருக்கும் கல். கனிமவளத் துறை துல்லியப் பரப்புக் கடிதத்தை (எந்த நிலத்துக்குக் குத்தகை என்று சொல்லும் கடிதம்) எந்த வடிவத்தில் கொடுக்கிறதோ அந்த வடிவத்தில்தான் மைனிங் பிளான், அதாவது எங்கே எவ்வளவு வெட்டுவது என்ற திட்டம், போட முடியும், மைனிங் பிளானில் இருப்பதைத்தான் சுற்றுச்சூழல் அனுமதியும் பின்பற்றும். எனவே இதை அந்தத் துறையின் மாவட்ட உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே பேசி முடிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டும். ஒற்றை நிலத்தில் ஆழத்தை மட்டும் கூட்டினால் கிடைக்கும் கல் மிகக் குறைவு, ஆனால் கேட்கப்படும் ஆய்வுகள் மிக அதிகம். 100 மீட்டர் அகல நிலத்தில் 60 மீட்டர் ஆழம் என்று எழுதிய மைனிங் பிளான்களைப் பார்க்க முடிகிறது. 9ஆவது பெஞ்சில் 5 மீட்டர் அகலம்தான் மிஞ்சும், 10ஆவதுக்கு இடமே கிடையாது. அந்த ஆழத்துக்குப் போக வேண்டுமென்றால் பெஞ்சை விழுங்கிவிட்டுச் செங்குத்தாக வெட்டினால்தான் முடியும். குறுக்குவெட்டு வரைபடத்தைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஆராயும் மாநில நிபுணர் குழு கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இனி பழைய குழி. டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி அல்லது டிரோன் வைத்துக் குழியை அளந்து, எடுக்கப்பட்ட கன அளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். மறுபக்கம், வாங்கிய பெர்மிட், நடைச்சீட்டு எல்லாவற்றையும் ஆண்டு வாரியாகக் கூட்டுங்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராமல் போவதற்கு எப்போதும் திருட்டுத்தான் காரணம் என்றில்லை. பாறையாக இருக்கும்போது ஒரு கன மீட்டராக இருந்தது உடைத்து டிப்பரில் ஏறும்போது ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர் இடம் பிடிக்கும். 3 யூனிட் டிப்பர் என்றால் 300 கன அடி, அதாவது 8.5 கன மீட்டர் உதிரிக் கல். குழியில் அது 5.7 கன மீட்டர் அளவுக்குத்தான் பள்ளம் போட்டிருக்கும். சில ஆண்டுகளின் சீட்டு கன மீட்டரிலும் சில ஆண்டுகளுடையது டன்னிலும் இருந்தால் குழப்பம் கூடும். உடைகல்லுக்குக் கன மீட்டருக்கு 2.6 டன் என்று வைத்து எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள். மேலே எடுத்த கிராவலைத் தனியாகக் கழியுங்கள். குத்தகை வருவதற்கு முன்பே அங்கே பழைய பள்ளம் இருந்திருந்தால், அதை அன்றைய மைனிங் பிளான் வரைபடத்திலிருந்து காட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் குழி பெரிதாகவும் பெர்மிட் சிறிதாகவும் இருந்தால், அதைக் கனிமவளத் துறையில் தீர்த்து, அபராதம் கட்டிய ரசீதோடு வாருங்கள். எப்படியும் உதவி இயக்குநரின் கடிதத்தில் குழியின் நீளம், அகலம், ஆழம், கொண்டுபோன அளவு, விதிமீறல் உண்டா இல்லையா என்பதெல்லாம் கேட்கப்படும். மறைத்து வைத்தால் சில மாதம் கழித்துக் கூட்டத்தில் வெளிவரும், அவ்வளவுதான்.

அளவு சரியாக இருந்தாலும் பழைய நிபந்தனைகளின் நிறைவேற்றத்துக்குச் சான்றளிக்கப்பட்ட அறிக்கை வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். 2022 ஜூன் 8 குறிப்பாணைக்குப் பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழியாகவும் இதைப் பெற இடம் இருக்கிறது. வந்து பார்ப்பவர்கள் எதைப் பார்ப்பார்கள்? சுற்றிலும் வேலி, 7.5 மீட்டர் பட்டையில் மரம், தண்ணீர் தெளித்ததற்கான பதிவேடு, ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1க்குள் அனுப்பிய அரையாண்டு அறிக்கைகள், காற்று, ஒலி அளவீடுகள். அரையாண்டு அறிக்கையை ஐந்து வருடத்துக்கும் சேர்த்து ஒரே வாரத்தில் அனுப்புவது உடனே தெரிந்துவிடும். மரமும் அப்படித்தான். வேலியோரம் நேற்று வைத்த ஆறடிக் கன்றைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள்.

உங்கள் பழைய அனுமதி மாவட்ட அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் கொடுத்ததா என்பதையும் பாருங்கள். 2016 ஜனவரி 15 அறிவிக்கையால் உருவான அந்த மாவட்ட ஆணையங்களின் அதிகாரம், 2018 செப்டம்பர் 13 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சத்தேந்திர பாண்டே வழக்கில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு நின்றுபோனது. அவை கொடுத்த அனுமதிகளை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2023 ஏப்ரல் 28 அன்று அமைச்சகம் சொன்னது. மறுமதிப்பீடு ஆகாத அனுமதியின் மேல் விரிவாக்கம் கேட்டால் அடித்தளமே இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும்.

அடுத்து, உங்கள் குவாரி எந்த வகை? 5 ஹெக்டேர் வரை பி2 (முழுத் தாக்க ஆய்வு தேவையில்லாத வகை), அதற்கு மேல் பி1 (அது தேவைப்படும் வகை). நீங்கள் 3.00 ஹெக்டேர்தான், எனவே பி2 என்று மகிழ்ந்துவிட வேண்டாம். 2016 ஜூலை 1 அறிவிக்கையின்படி, உங்கள் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் இன்னொரு குத்தகையின் எல்லை வந்தால் இரண்டும் ஒரே தொகுப்பு. பக்கத்தில் 2.40 ஹெக்டேர் குவாரி ஒன்று இருந்தால் மொத்தம் 5.40 ஹெக்டேர். நீங்கள் பி1, பொதுமக்கள் கருத்துக் கேட்பும் சேர்ந்து வரும். எல்லாக் குவாரியும் இந்தக் கூட்டலில் சேராது. 2013 செப்டம்பர் 9க்கு முன் வழங்கப்பட்ட குத்தகைகள், மூன்று ஆண்டுக்கு மேல் இயங்காதவை, 2016 ஜனவரி 15 அன்றே சுற்றுச்சூழல் அனுமதி வைத்திருந்தவை ஆகியவை பரப்புக் கணக்கில் வராது. ஆனால் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் அவற்றின் தாக்கத்தையும் சேர்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஆதாரம் உதவி இயக்குநர் கொடுக்கும் 500 மீட்டர் கடிதம். அதில் இயங்குபவை, காலாவதியானவை, விண்ணப்ப நிலையில் உள்ளவை என்று மூன்றாகப் பிரித்து, குத்தகைத் தேதியோடு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஒரு தேதி விட்டுப்போனதால் வகையே மாறி, முதலிலிருந்து தொடங்க நேரும்.

நிலத்தின் தகுதியையும் இப்போதே உறுதிசெய்துவிடுங்கள். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959இல் 36ஆவது விதிப்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை கிடையாது. ரயில் பாதை, நீர்த்தேக்கம், கால்வாய் போன்றவற்றுக்கு 50 மீட்டர். தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம் ஆகியவற்றுக்கு 1 கிலோமீட்டர். பழைய நிலத்தில் நின்று அளந்தபோது 320 மீட்டரில் இருந்த வீடு, புதிய நிலத்தின் எல்லையிலிருந்து 240 மீட்டரில் இருக்கலாம். விஏஓ சான்றில் பழைய எல்லையை வைத்தே எழுதி வாங்கிவிடுகிறார்கள். குழுவில் இருப்பவர்கள் நில எல்லை பதிந்த கேஎம்எல் கோப்பைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துத் தாங்களே அளப்பார்கள். 50, 100, 200, 300, 500 மீட்டர் வளையங்களில் உள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் வீடா, மாட்டுக்கொட்டகையா, மோட்டார் அறையா, கோயிலா என்று புகைப்படத்தோடு பட்டியலிடுவது உங்கள் கையில் இருக்கட்டும்.

பி1 ஆன பிறகு போக வேண்டிய பாதை இப்படி இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட மைனிங் பிளானோடு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஆய்வு வரம்புக்கு (எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று ஆணையம் தரும் பட்டியல்) விண்ணப்பம். ஆய்வு வரம்பு வந்ததும், நாபெட் (ஆலோசகர்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆலோசகர் மூலம் ஒரு பருவத்துக்கான அடிப்படைத் தரவு: 10 கிலோமீட்டர் சுற்றளவில் காற்று, நீர், மண், ஒலி, உயிரினங்கள், மக்கள் வாழ்நிலை. மழைக்காலம் இதில் சேராது. வட இந்தியாவுக்கான நாட்காட்டியை வைத்துக்கொண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை "மழைக்குப் பிந்திய பருவம்" என்று அளந்துவிட்டு வருபவர்கள் உண்டு. நமக்கு அதுதான் வடகிழக்குப் பருவமழை. ஈரமான தரையில் அளந்த தூசி அளவு யாருக்கும் பயன்படாது. மார்ச் முதல் மே வரை அளப்பது நேர்மையானதும் கேள்விக்கு இடமில்லாததும் ஆகும். தரவு மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாகிவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும்.

இந்தத் தரவை வைத்து ஆலோசகர் எழுதும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் உங்கள் கண்ணால் சரிபார்க்க வேண்டியது லாரிக் கணக்கு. 6,21,000இல் ஏற்கெனவே 1,71,000 எடுத்தாயிற்று என்றால் மீதி 4,50,000. ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 90,000 கன மீட்டர். 300 வேலை நாளுக்கு நாளொன்றுக்கு 300 கன மீட்டர், 780 டன். 20 டன் டிப்பருக்கு 39 லோடு, போக வர 78 நடை. பத்து மணி நேர வேலையில் எட்டு நிமிடத்துக்கு ஒரு லாரி ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும். அறிக்கையில் "போக்குவரத்துத் தாக்கம் குறைவு" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் நிபுணர் குழுவுக்கும் பதில் இருக்காது, ஊருக்கும் பதில் இருக்காது. பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் லாரியை நிறுத்துவது, தார்ப்பாய், சாலையின் எந்த நீளத்தை யார் பராமரிப்பது, மாற்றுப்பாதை என்று எழுதுங்கள். காற்றில் பிஎம்10 துகள் 24 மணி நேர சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. பக்கத்துக் குவாரியும் கிரஷரும் சேர்ந்துதான் அந்த 100. உங்கள் பங்கை மட்டும் தனியாகக் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.

வெடி விஷயத்தில் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டு வரம்பு தெளிவானது. உங்களுக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் அதிர்வின் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. சுவர் ஆடுவது மொத்த வெடிமருந்தைப் பொறுத்ததைவிட, ஒரே கணத்தில் எவ்வளவு வெடிக்கிறது என்பதைப் பொறுத்ததுதான். தாமதித்து வெடிக்கும் டிலே டெட்டனேட்டர் வைத்துப் பிரித்து வெடித்தால் அதிர்வு குறையும். இப்போது ஓடும் குழியிலேயே மிக அருகிலுள்ள வீட்டு வாசலில் கருவி வைத்து அளந்த உண்மையான எண்ணைக் கொடுங்கள். விரிவாக்கம் கேட்பவருக்கு இருக்கும் ஒரே நல்ல வாய்ப்பு இதுதான். புதியவர் சூத்திரம் போட்டுக் காட்ட வேண்டியதை நீங்கள் அளந்தே காட்டலாம். அந்த வீடுகளின் இன்றைய விரிசல்களையும் வீட்டுக்காரர் முன்னிலையில் படம் எடுத்துப் பதிவு செய்துவிடுங்கள். அது அவர்களுக்கும் பாதுகாப்பு.

30 மீட்டரைத் தாண்டும் ஆழத்துக்குத் தமிழ்நாட்டு நிபுணர் குழு சரிவு நிலைத்தன்மை ஆய்வு கேட்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் சுரங்கப் பொறியியல் துறை, ஐஐடி மெட்ராஸ், சுரத்கல் என்ஐடி, மத்திய சுரங்க மற்றும் எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றிடமிருந்து வாங்க வேண்டும். இதை வெறும் காகிதச் சுமையாக நினைக்காதீர்கள். 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். பெஞ்ச் இல்லாமல் செங்குத்தாக நிற்கும் பழைய சுவர் உங்கள் குழியில் இருந்தால், அதை எப்படிப் படியாக மாற்றப்போகிறீர்கள், எத்தனை மாதத்தில் என்ற திட்டத்தை விண்ணப்பத்தோடே வையுங்கள். புதிய நிலத்தில் கை வைப்பதற்கு முன் அதைச் செய்து முடிப்பதாக எழுதிக் கொடுப்பது நல்லது.

தண்ணீரில் எல்லோரும் அலட்சியமாக இருக்கிறார்கள். சுற்றியுள்ள கிணறுகளின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் கோடையில் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை அளந்து எழுதுங்கள். ஊற்று அடித்துக் குழியில் தண்ணீர் நிற்கிறது என்றால் 40 மீட்டர் திட்டத்தில் அதை எங்கே இறைக்கப்போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். ஓடையில் நேராக விடக் கூடாது, வண்டல் படிய ஒரு தொட்டி வேண்டும். பக்கத்து விவசாயிக்குப் பாசனத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

பசுமை வளையத்துக்குக் கணக்கு எளிது. 200க்கு 150 நிலத்தின் சுற்றளவு 700 மீட்டர். 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை வைத்தால் ஏறக்குறைய 465 கன்று. வேம்பு, புங்கன், பூவரசு, இலுப்பை, நாவல் என்று நம் மண்ணின் மரங்கள். கோனோகார்பஸ் வேண்டாம். வடகிழக்கு மழைக்கு முன் நட்டால்தான் பிழைக்கும். தண்ணீர் ஊற்றும் ஆளுக்கான சம்பளத்தையும் மேலாண்மைத் திட்டச் செலவில் காட்டுங்கள். அது இல்லாத திட்டத்தில் மரம் தாளில் மட்டும்தான் வளரும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு. மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை. முழுவதும் வீடியோ பதிவு. குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்து "ஆதரவு" சொல்ல வைப்பது பதிவில் அப்பட்டமாகத் தெரியும், ஊரோடு இருக்கும் உறவையும் கெடுக்கும். திட்டச் சுருக்கம் தமிழில் கொடுக்கப்பட வேண்டும். ஆங்கிலத்திலிருந்து எந்திரம் பெயர்த்த தமிழைக் கொடுத்து, எந்தச் சர்வே எண், எந்தத் திசை என்று கூடப் புரியாமல் போனால், கூட்டம் சரியாக நடக்கவில்லை என்ற வாதத்துக்கு நீங்களே இடம் கொடுத்ததாகும். தூசி, விரிசல், கிணறு, சாலை, வேலை ஆகிய ஐந்தும்தான் எல்லா ஊரிலும் வரும். மேடையில் சொல்லும் ஒவ்வொரு வாக்குறுதியும் தொகையோடும் தேதியோடும் மேலாண்மைத் திட்டத்துக்குள் போகும். 2020 செப்டம்பர் 30 குறிப்பாணைக்குப் பிறகு அது அனுமதியின் பகுதியாகிவிடும். எனவே செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

இறுதி அறிக்கையைக் கொடுத்த பிறகு நிபுணர் குழுவுக்கு 60 நாள், அதன் பரிந்துரையின் மேல் மாநில ஆணையம் முடிவெடுக்க 45 நாள் என்று அறிவிக்கை சொல்கிறது. குழு கூடுதல் விவரம் கேட்டால் காலம் நீளும். முழுமையான காகிதத்தோடு போனாலும் தொடக்கத்திலிருந்து ஒரு வருடத்துக்குக் குறையாமல் கணக்கில் வையுங்கள். பழைய அனுமதியும் குத்தகையும் இடையில் முடிந்துவிடாதபடி அதற்கு முன்பே தொடங்குங்கள்.

அனுமதி வந்ததும் 7 நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும், குறைந்தது ஒன்று தமிழ் நாளிதழாக இருக்க வேண்டும். ஊராட்சிக்கும் நகல் கொடுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். விளம்பரம் தாமதமானால் இந்தக் காலமும் தள்ளிப்போகும். அதன் பிறகு விரிவாக்கத்துக்குத் தேவையான இசைவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் வாங்க வேண்டும், குத்தகைப் பத்திரம் புதிய பரப்புக்குப் பதிவாக வேண்டும். இவை எல்லாம் கைக்கு வரும்வரை புதிய நிலத்தில் மேல்மண்ணைக்கூடப் பொக்லைன் தொடக் கூடாது.